விவசாய மானியம் கடைசியில யார் கைக்குப் போகுது?

வடுவூரான்:

ரொம்ப நாளா மனசுல இருக்கற கேள்வி, இங்க விவசாயம் பண்றவங்க, உரக்கடை வச்சிருக்கவங்க, எகனாமிக்ஸ் படிச்சவங்கன்னு எல்லாரும் இருக்கீங்க, அதான் இங்க கேக்கறேன்.

பட்ஜெட் வந்தா விவசாயிக்கு இவ்வளவு லட்சம் கோடின்னு டிவில ஓடுது. உரத்துக்கு மட்டும் 2022-23ல மத்திய அரசு இரண்டரை லட்சம் கோடிக்கு மேல சப்சிடி குடுத்துச்சு. நம்ம ஸ்டேட்ல இலவச கரண்ட், வட்டியில்லாத பயிர்க்கடன், கடன் தள்ளுபடி, நெல்லுக்கு ஊக்கத்தொகை, பயிர் இன்சூரன்ஸ். என்கூட வேலை பாக்கறவங்க எங்க டாக்ஸ் எல்லாம் விவசாயிக்குத்தான் போகுதுன்னு சொல்றாங்க, ஆனா ஊருக்குப் போனா இத்தனை பணம் வந்து சேர்ந்த அடையாளம் எந்த சாகுபடிக்காரர் வீட்லயும் எனக்குத் தெரியல.

எங்க வீட்டு நிலவரத்தையே சொல்றேன். 4 ஏக்கர் நஞ்சை, பட்டா ஆரம்பத்துல இருந்தே அம்மா பேர்ல. அப்பா இருந்தவரைக்கும் சொந்த சாகுபடி, இப்ப ஒருத்தர் குத்தகைக்குப் பண்றாரு. மத்திய அரசோட பிஎம் கிசான் உதவித்தொகை 2000 ரூபாய் வருஷத்துக்கு மூணு தடவை அம்மா அக்கவுண்ட்ல விழுது, வயல்ல இறங்கி நிக்கறவருக்கு அதுல ஒரு பைசா கிடையாது. 2021ல கூட்டுறவு பயிர்க்கடன் தள்ளுபடி பண்ணாங்கல்ல, 12,110 கோடி, 16 லட்சம் பேருக்கு மேல. எங்க தெருவுல அதுல பயனடைஞ்சவங்கள்ல பல பேர் வயல்ல கால் வச்சு வருஷக்கணக்காச்சு.

அப்ப உண்மையில யாருக்கு லாபம்? நிலம் வச்சிருக்கவனுக்கா, உழறவனுக்கா, உர கம்பெனிக்கா, இல்ல அரிசி வாங்கி சாப்பிடற எல்லாருக்குமா? கட்சி சண்டை வேணாம், தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

குத்தகைக்காரர்_மகன்:

நீங்க உங்க வீட்டு விஷயத்தையே வெளிப்படையா சொன்னதுக்கு முதல்ல நன்றி தம்பி, நிலக்காரங்க யாரும் இதைப் பேசவே மாட்டாங்க.

எங்கப்பா முப்பது வருஷத்துக்கு மேல குத்தகை சாகுபடி, இப்ப நானும் அதேதான். டெல்டால குத்தகைன்னா பேப்பர் எதுவும் கிடையாது, ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டைன்னு வாய்ப் பேச்சுதான். அரசாங்கம் எதைக் குடுத்தாலும் நிலம் யாருதுன்னு காட்டற சிட்டா கேக்குது, சிட்டால இருக்கறது நிலக்காரர் பேரு, கதை அங்கயே முடிஞ்சுபோச்சு. பிஎம் கிசான் 2019ல ஆரம்பிச்சப்ப 2 ஹெக்டேர் வரைக்கும்னு சொன்னாங்க, சில மாசத்துலயே அந்த வரம்பையும் எடுத்துட்டாங்க, 20 ஏக்கர்காரருக்கும் உண்டுன்னு ஆச்சு, ஆனா குத்தகைதாரருக்கு அன்னைக்கும் கிடையாது இன்னைக்கும் கிடையாது.

பணமா பெருசா அடிக்கறது கடன்தான். ஒரு ஏக்கர் சம்பாவுக்கு நாத்து, உழவு, நடவு, உரம், மருந்துன்னு 30,000 வெளிய வாங்கறேன்னு வைங்க. கூட்டுறவு சங்கத்துல சரியான தேதிக்குக் கட்டினா வட்டியே இல்ல, ஆனா அது பட்டாதாரருக்கு. எனக்கு வெளிய நூத்துக்கு ரெண்டு வட்டி, அஞ்சு மாசத்துக்கு 3000 ரூபாய். அதே வயல், அதே நெல்லு. இதுல கொடுமை என்னன்னா சில பேர் அந்த வட்டியில்லாக் கடனை வாங்கி, அந்தப் பணத்தையே எங்களுக்கு வட்டிக்கு விடுவாங்க, இது எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

அடுத்து இன்சூரன்ஸ். சம்பாவுக்கு நாங்க கட்டவேண்டியது காப்பீட்டுத் தொகையில ஒன்றரை சதவீதம்தான், மீதி பிரீமியத்தை மத்திய அரசும் மாநில அரசும் கட்டுது, நல்ல திட்டம்தான் நான் இல்லேங்கல. ஆனா நிலக்காரரும் அதே சர்வே நம்பருக்கு அவர் பேர்ல கட்டிட்டா போச்சு, வெள்ளத்துல செலவு பண்ணி அழுகவிட்டது நான், இழப்பீடு வர்றது அவருக்கு.

நெல்லு விலையும் அப்படித்தான் ஆகுது. 2025-26 சீசன்ல சன்னரகத்துக்கு மத்திய அரசு ஆதரவு விலை குவிண்டால் 2389, அதுமேல மாநில அரசு 156 போட்டு 2545 ஆக்குச்சு. கேக்க நல்லா இருக்கு. விலை ஏறின வருஷம் எல்லாம் அடுத்த குத்தகைப் பேச்சுல அரை மூட்டை ஒரு மூட்டை கூடக் கேக்கறாங்க, ஏன்னா வேற ஆளு தயாரா நிக்கறான். அப்ப ஏத்தின விலையில எவ்வளவு எங்ககிட்ட தங்குச்சு, எவ்வளவு நிலக்காரர்கிட்ட போச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு வாரக்கணக்குல ரோட்டுல காய வச்சு, மூட்டைக்கு இவ்வளவுன்னு கைல குடுத்து, அதுக்கப்புறம் வர்றதுதான் அந்த 2545. மழை பிடிச்சுக்கிச்சுன்னா காத்திருக்க முடியாம வியாபாரிகிட்ட குறைச்ச விலைக்குத் தள்ளிட்டு வரணும், அப்ப அந்த ஊக்கத்தொகையும் சேர்ந்து அவருக்குத்தான்.

கொங்கு_தோட்டம்:

டெல்டா அண்ணன் சொன்னது அத்தனையும் நெசம்ங்க, ஆனா எங்க பக்கம் கதை கொஞ்சம் வேற, இங்க ஆத்துப் பாசனம் கம்மி, கிணறும் போரும்தான், அதனால எங்களுக்கு மானியம்னாலே கரண்ட்டுதானுங்க.

இலவச கரண்ட்டை யாரும் சும்மா தூக்கிக் குடுக்கலீங்க. கரண்ட் ரேட்டு ஏத்துனதை எதுத்து 1970ல பெருமாநல்லூர்ல போராடுனப்ப துப்பாக்கிச்சூடு நடந்து விவசாயிங்க செத்தாங்க, நாராயணசாமி நாயுடு ஐயா கூட மாட்டுவண்டியக் கொண்டுபோய் கோயமுத்தூரையே நிறுத்துனாங்க. அதுக்கப்புறம்தான் எம்ஜிஆர் காலத்துல சின்ன விவசாயிக்கு, 1990 வாக்குல கலைஞர் ஆட்சில எல்லாத்துக்கும்னு வந்துச்சு. அதனால இதை ஓசின்னு யாராச்சும் சொன்னா எனக்குக் கோவம் வரும்ங்க, அது ரத்தம் சிந்தி வாங்குனது.

ஆனா யாருக்கு லாபம்னு கேட்டீங்கன்னா உண்மையச் சொல்லித்தான் ஆகணும். ஸ்டேட் பூரா 20 லட்சத்துக்கு மேல விவசாய சர்வீஸ் இருக்குது, பெரும்பாலும் மீட்டரே கிடையாது, இத்தனை எச்பி மோட்டார்னு கணக்குப் போட்டு கவர்மெண்ட் மின்வாரியத்துக்குப் பணம் குடுக்குது. அப்ப யார்கிட்ட பெரிய மோட்டாரு, ஆழமான போரு, அதிக சர்வீஸ் இருக்குதோ அவங்களுக்கு அதிகப் பணம் போகுது. எங்க பக்கம் 1000 அடி தாண்டிப் போர் ஓட்டறாங்க. ஓட்டறதுக்கே லட்சக்கணக்குல செலவு, தண்ணி வந்தா உண்டு, இல்லீன்னா போச்சு. ஓட்ட முடிஞ்சவன் கீழ இருக்கறதையெல்லாம் உறிஞ்சி எடுக்கறான், பக்கத்துல 60 அடி கிணறு வச்சிருந்தவன் கிணறு வத்திப்போயி அவன் தோட்டம் காடாவே கிடக்குது. அவன் பேர்லயும் இலவச சர்வீஸ் இருக்குது, மோட்டாரும் இருக்குது, தண்ணிதான் இல்லீங்க.

புது சர்வீஸுக்கு சாதா வரிசைல பதிஞ்சா பல வருஷம் காத்துக் கிடக்கோணும். தட்கல்ல போனா 5 எச்பிக்கு இரண்டரை லட்சம், 10 எச்பிக்கு 3 லட்சம், 15 எச்பிக்கு 4 லட்சம்னு ரேட்டு வச்சாங்க. 2021ல ஒரு லட்சம் இணைப்பு, அப்புறம் இன்னும் 50,000னு குடுத்ததுல பல பேருக்கு விடிவு வந்துச்சு, அதை மறுக்க முடியாதுங்க. ஆனாலும் லட்ச ரூவா கையில இருக்கறவனுக்கு இலவசம் சீக்கிரம் கிடைக்குது.

இன்னொண்ணு. நிலம் விக்கற விளம்பரம் பாருங்க, கிணறு, போர், இலவச மின்சார சர்வீஸ் உண்டுன்னு முதல் வரியிலயே போடறாங்க. சர்வீஸ் இருக்கற பூமிக்கும் இல்லாத பூமிக்கும் ஏக்கருக்கு லட்சக்கணக்குல வித்தியாசம். அப்ப அந்த மானியம் முழுசும் பூமி விலையில ஏறி உக்காந்துக்குச்சு, இன்னைக்கு அந்தப் பூமிய வாங்கி விவசாயம் பண்ண வர்ற பையனுக்கு அது மானியமே இல்லீங்க, விலையிலயே முன்னாடியே கட்டிட்டான். வித்துட்டுப் போனவருக்குத்தான் மொத்த லாபமும்.

உரக்கடை_நண்பர்:

உரத்தைப் பத்தி நான் சொல்றேன், கடை நடத்தறவன்ங்கறதால கொஞ்சம் தெரியும்.

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. சப்சிடி இல்லன்னா அதே மூட்டை இரண்டாயிரத்துக்கு மேல வரும்னு மத்திய அரசே சொல்லுது. இந்த வித்தியாசத்தை விவசாயி அக்கவுண்ட்ல போடறதில்ல, கம்பெனிக்குத்தான் குடுக்கறாங்க. 2018ல இருந்து டிபிடி, அதாவது நேரடி மானியம்னு ஒண்ணு வந்துச்சு, பேர் அப்படி இருந்தாலும் என் கடையில விவசாயி மெஷின்ல கைரேகை வச்சு மூட்டை வாங்கினதும் அந்தக் கணக்கை வச்சு கம்பெனிக்கு சப்சிடி போகும், அவ்வளவுதான். 1977ல வந்த பழைய முறையில ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் அதோட செலவு என்னவோ அதுக்கு ஏத்த மாதிரி விலை உறுதி பண்ணி குடுத்தாங்க, செலவு அதிகமா பண்ற ஃபேக்டரிக்கு அதிக மானியம். அதுக்கப்புறம் நிறைய மாத்தினாங்க, ஆனாலும் இந்தப் பணத்துல ஒரு பங்கு கேஸ் விலைக்கும், இறக்குமதி விலைக்கும், பழைய பிளான்ட்டோட செலவுக்கும்தான் போகுது, அதை விவசாயிக்குக் குடுத்த சலுகைன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

2010ல டிஏபி, பொட்டாஷ் மாதிரி உரங்களுக்கு மட்டும் சத்து கணக்குல சப்சிடின்னு மாத்தி விலையை கம்பெனி கையில விட்டாங்க, யூரியாவை அப்படியே விட்டுட்டாங்க. டிஏபி இன்னைக்கு மூட்டை 1350. அப்ப காசு இல்லாதவர் என்ன பண்ணுவாரு, யூரியாவையே கூடப் போடுவாரு. மண்ணு கெட்டுது, பூச்சி கூடுது, அப்புறம் மருந்துக்கு அதே கடைக்கு வர்றாரு. விக்கறவன் நானே சொல்றேன், இதுல விவசாயிக்கு மிச்சமாகறதா நினைக்கற பணத்துல பாதி மருந்துக் கடையில திரும்பப் போயிடுது.

சீசன்ல தட்டுப்பாடு வந்தா 266 ரூபாய்க்கு எங்கயும் கிடைக்காது. மொத்த வியாபாரி எங்களுக்கு யூரியா குடுக்கணும்னா அதோட சேர்த்து நானோ யூரியா பாட்டிலோ, நுண்ணூட்டமோ எடுத்தாகணும்னு கட்டாயப்படுத்துவாங்க, நாங்க அதை விவசாயி தலையிலதான் வைக்கணும், வேற வழி இல்ல. விவசாயத்துக்குன்னு வர்ற யூரியா பிளைவுட் பசை பண்ற இடங்களுக்குக் கள்ளத்தனமா போறதும் நடக்குது, அதைத் தடுக்கத்தான் 2015ல எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூசணும்னு கட்டாயமாக்கினாங்க, குறைஞ்சுது, நிக்கல.

யாருக்கு அதிகம் கிடைக்குதுங்கறதுக்கு என் பில் புக்கே சாட்சி. தண்ணி வசதியோட கரும்பும் வாழையும் போடறவர் வருஷத்துக்கு எத்தனையோ மூட்டை தூக்கறாரு. மானாவாரில கம்பு, வரகு, உளுந்து போடறவர் மழை வந்தா ஒரு மூட்டை வாங்குவாரு, மழை இல்லன்னா அதுவும் இல்ல. மூட்டைக்கு இவ்வளவு மானியம்னா மூட்டை அதிகமா தூக்கறவருக்குத்தானே அதிகம்.

மதுரைப்பொண்ணு:

நான் எகனாமிக்ஸ் எம்ஏ, அப்பா விவசாயி. எல்லாரும் சொன்னதுல உடன்பாடுதான், ஆனா ஒரு பெரிய ஆளை விட்டுட்டீங்க. அது சாப்பிடறவங்க, அதாவது டவுன்ல இருக்கற நாம எல்லாரும்.

மானியம்னு ஒரு கையில குடுக்கறதை மட்டும்தான் பட்ஜெட்ல பாக்கறோம், இன்னொரு கையில எடுக்கறது எந்தக் கணக்குலயும் வராது. வெளிநாட்டுல விலை ஏறி விவசாயி நாலு காசு பாக்கற நேரத்துலதான் ஏற்றுமதித் தடை வரும். 2022 மே மாசம் கோதுமை, செப்டம்பர்ல குருணை அரிசி, 2023 ஜூலைல பாசுமதி இல்லாத வெள்ளை அரிசி, டிசம்பர்ல வெங்காயம். அரிசித் தடை எடுக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த ஒரு வருஷம் விவசாயி இழந்தது யாருக்குப் போச்சு? கடையில கிலோவுக்குக் கம்மியா குடுத்த நமக்குத்தான். 2018ல பணக்கார நாடுகளோட பொருளாதார அமைப்பான ஓஇசிடியும் டெல்லில இருக்கற இக்ரியர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஒரு ஆய்வு போட்டாங்க, 2000ல இருந்து 2016-17 வரைக்கும் உர மானியம் அது இதுன்னு எல்லாத்தையும் கூட்டி, விலையை அமுக்கினதால வந்த நஷ்டத்தைக் கழிச்சுப் பாத்தா இந்திய விவசாயிக்கு நிகரமா மொத்த விவசாய வருமானத்துல சராசரியா மைனஸ் 14 சதவீதம்னு வந்துச்சு. அதாவது மொத்தத்துல அவங்கதான் நமக்கு மானியம் குடுத்திருக்காங்க. எங்க டாக்ஸுல விவசாயி வாழறாருன்னு சொல்ற உங்க ஆபீஸ் நண்பர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்க.

ஆதரவு விலை விஷயத்துலயும், இந்திய உணவுக் கழகத்தைப் பத்தி ஆராய மத்திய அரசு போட்ட சாந்தகுமார் கமிட்டி 2015ல குடுத்த ரிப்போர்ட்ல நாட்டுல 6 சதவீத விவசாயிங்கதான் அரசு கொள்முதல்ல விக்கறாங்கன்னு இருந்துச்சு. பஞ்சாப், ஹரியானா, நம்ம டெல்டா மாதிரி இடங்கள்ல நெல்லு கோதுமை போடறவங்களுக்குப் பயன் இருக்கு. எங்க பக்கம் மல்லியும் தக்காளியும் போடறவங்களுக்கு அந்த விலை அறிவிப்பால என்ன ஆகுதுன்னு சொல்லுங்க.

ஆனா ஒண்ணு, ரேஷன் அரிசியை நான் குறை சொல்லமாட்டேன். நம்ம ஊர்ல 2011ல இருந்து அரிசி இலவசம், அதை நம்பி இருக்கற குடும்பங்கள்ல நிலமில்லாத கூலி வேலைக்காரங்கதான் அதிகம். மானியத்துல உண்மையான ஏழைக்குப் போய்ச் சேர்ற பாகம்னு பாத்தா அது அங்கதான் இருக்கு.

நடவு_வீட்டுப்_பிள்ளை:

அக்கா கடைசில சொன்னதுக்காகத்தான் எழுதறேன். எங்கம்மா நடவு வேலைக்குப் போறவங்க. இந்தத் திரெட்ல இதுவரைக்கும் நிலம் வச்சிருக்கவர், குத்தகைக்காரர், கம்பெனி, சாப்பிடறவர்னு எல்லாரும் வந்தாச்சு, கூலிக்குப் போறவங்க யாருமே வரல. பிஎம் கிசான்ல எங்களுக்கு இடமில்ல, இன்சூரன்ஸ்ல இல்ல, வெள்ளம் வந்து பயிர் போனா எங்களுக்கும் அந்த சீசன் வேலை மொத்தமும் போகுது, அதுக்கு இழப்பீடுன்னு எதுவும் வந்ததில்ல.

நடவு மெஷின், அறுவடை மெஷினுக்கு 40, 50 சதவீதம் மானியம் குடுக்கறாங்க. மீதிப் பணத்தைப் போடற வசதி இருக்கறவர் வாங்கறாரு, மணிக்கு இவ்வளவுன்னு வாடகைக்கு விடறாரு. ஆள் கிடைக்கலன்னு சொல்றாங்க, அது சில ஊர்ல உண்மைதான். எங்க ஊர்ல அறுவடைக்குக் கூலியா நெல்லு கொண்டுவருவாங்க, வீட்டுல மாசக்கணக்குக்குச் சோறு இருக்கும், இப்ப அது அறவே நின்னுபோச்சு. வேலையை எடுத்த மெஷினுக்கு அரசாங்கப் பணம், வேலை போனவங்களுக்கு ஒண்ணும் கிடையாது.

உரக்கடை_நண்பர்:

தம்பி சொன்னது உறைக்குது. இன்னொரு பக்கமும் சேர்த்துக்கங்க, 2020ல நம்ம ஸ்டேட்ல பிஎம் கிசான் மோசடி வெளிய வந்துச்சே, நிலமே இல்லாதவங்க பேர்லயெல்லாம் ஆன்லைன்ல பதிஞ்சு அஞ்சரை லட்சம் தகுதியில்லாத கணக்குக்கு 110 கோடி போயிருக்குன்னு விவசாயத்துறையே சொல்லி சிபிசிஐடி விசாரிச்சாங்க. அந்தப் பேர்கள்ல நிறைய பேர் அப்பாவி கூலி ஜனங்க, கொரோனா பணம்னு சொல்லி ஆதாரை வாங்கியிருக்காங்க. கமிஷன் எடுத்தவன் ஒருத்தன், பணத்தைத் திரும்பக் கட்டினது அவங்க.

வடுவூரான்:

எல்லாருக்கும் நன்றி, ராத்திரி முழுக்க இதையேதான் திரும்பத் திரும்பப் படிச்சேன். எனக்குப் புரிஞ்ச வரைக்கும் பணம் பேப்பர் யார் பேர்ல இருக்கோ அங்க போய் ஒட்டிக்குது, மீதி விக்கறவங்க வழியா போகுது. இதை எந்த ஸ்டேட்லயாச்சும் சரிபண்ணியிருக்காங்களா? எங்க குத்தகைக்காரருக்கு நான் என்ன செய்யலாம்? எழுதிக் குடுத்தா நிலம் போயிடும்னு சொந்தக்காரங்க பயமுறுத்தறாங்க.

மதுரைப்பொண்ணு:

முயற்சி பண்ணியிருக்காங்க. தெலங்கானால 2018ல ரைத்து பந்து திட்டம் வந்தப்ப ஏக்கருக்கு ஒரு சீசனுக்கு 4000, அப்புறம் 5000னு குடுத்தாங்க, நில உச்சவரம்பு வைக்கல, குத்தகைதாரரைச் சேர்க்கல, அதனால 50 ஏக்கர்காரருக்கு வருஷத்துக்கு 5 லட்சம், உழுதவருக்கு ஒண்ணுமில்லன்னு ஆச்சு. அதே வருஷக் கடைசில ஒடிசால 'காலியா'ங்கற திட்டத்தைக் கொண்டுவந்தாங்க, அதுல விளைச்சல்ல பங்கு குடுத்து வாரத்துக்குப் பண்றவங்களையும் நிலமில்லாத குடும்பங்களையும் சேர்த்தாங்க. ஆந்திரால 2019ல சட்டம் போட்டு நிலக்காரர் சம்மதத்தோட 11 மாசத்துக்குச் சாகுபடியாளர் கார்டு குடுக்கறாங்க, நில உரிமைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க. கையெழுத்துப் போட நிலக்காரங்க இன்னும் தயங்கறாங்கதான், ஆனா நம்ம ஊர்ல அந்த மாதிரி ஒரு கார்டு கேட்டு விவசாய சங்கங்க கத்தணும்.

குத்தகைக்காரர்_மகன்:

உங்க சொந்தக்காரங்க பயத்துக்குக் காரணம் இருக்கு தம்பி. 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி பதிவான குத்தகைதாரரை லேசுல எழுப்ப முடியாது, அந்தச் சட்டம் எங்கப்பா தலைமுறைக்கு உயிர் குடுத்துச்சு, ஆனா அதுக்குப் பயந்தே இன்னைக்கு யாரும் பேப்பர் போடறதில்ல. உங்களை நான் அவ்வளவு தூரம் போகச் சொல்லல.

உடனே செய்ய முடிஞ்சது ரெண்டு. ஒண்ணு, அம்மா பேர்ல இன்சூரன்ஸ் கட்டாதீங்க, அவரைக் கட்டச் சொல்லுங்க. விஏஓகிட்ட அம்மா வந்து இவர்தான் சாகுபடி பண்றாருன்னு சொன்னா அவர் பேர்ல அடங்கல், அதாவது யார் என்ன பயிர் பண்றாங்கன்னு காட்டற சான்று, வாங்கலாம், அது கூட ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், நில சிட்டா நகல் வச்சு இ-சேவைலயோ கூட்டுறவு சங்கத்துலயோ கட்டிடலாம். சம்பாவுக்கு வழக்கமா நவம்பர் 15தான் கடைசித் தேதி, அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே போங்க, கடைசி ரெண்டு நாள் சர்வர் நிக்கும். ரெண்டு, அதே அடங்கலை வச்சு கொள்முதல் நிலையத்துல அவர் பேர்லயே பதிஞ்சு, பணம் அவர் அக்கவுண்ட்டுக்கே வர்ற மாதிரி செய்யுங்க. பிஎம் கிசானை அவர் பேருக்கு மாத்த வழியே இல்ல, அந்த 6000ஐ இந்த வருஷக் குத்தகையில கழிச்சுக்கங்க, அதுக்கு எந்த ஆபீஸும் போக வேணாம்.

வடுவூரான்:

கழிச்சுக்கறோம் அண்ணே, அம்மாகிட்ட பேசிட்டேன், அவங்களுக்கும் சம்மதம். விஏஓ நேர்ல அம்மாவே வரணும்னு சொல்வாரா, இல்ல கையெழுத்துப் போட்ட லெட்டர் போதுமா? அவங்களுக்கு முட்டிவலி, இப்ப என்கூட சென்னைலதான் இருக்காங்க.

குத்தகைக்காரர்_மகன்:

ஊருக்கு ஊர் மாறும். முதல்ல போன் பண்ணிக் கேட்டுட்டு லெட்டரும் ஆதார் நகலும் உங்க குத்தகைக்காரர்கிட்ட குடுத்தனுப்புங்க, ஒத்துக்கலன்னா தீபாவளிக்கு ஊருக்கு வர்றப்ப முடிச்சுக்கங்க, தேதிக்குள்ள வந்துடும்.